பீபாப் முதல் மோடல் ஜாஸ் வரை: கேள்வி பதில்

கேள்வி: 1941 வரை ஸ்விங் (பெரிய குழுக்களின் நடன ஜாஸ்), 1945-இல் திடீரென்று பீபாப் (சிறு குழுக்களின் வேகமான ஜாஸ்). நடுவில் என்ன நடந்தது? ரெக்கார்டுகளைத் தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லையே?

கிடைக்காததற்குக் காரணம் ஒரு வேலைநிறுத்தம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் தன் உறுப்பினர்கள் யாரும் ஒலிப்பதிவுக்குப் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டது. ரெக்கார்டு கம்பெனிகளில் டெக்கா 1943-லேயே உடன்பாட்டுக்கு வந்தது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை இழுத்தடித்தன. பீபாபின் முன்னோடிகளான சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஏர்ல் ஹைன்ஸ் இசைக்குழுவில் சேர்ந்து வாசித்தது சரியாக இந்தக் காலத்தில்தான். அதனால் இவர்கள் இருவரும் இருந்த அந்தக் குழு ஸ்டூடியோவில் பதிவு செய்த ஒரு தட்டுகூட இல்லை. பாணி படிப்படியாகத்தான் வளர்ந்தது, படிகள்தான் நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை.

தப்பிப் பிழைத்த ஒரு படி உண்டு. ஹார்லெமில் 118-ஆவது தெருவில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸில் 1941-இல் ஒரு மாணவர் தூக்கிச் செல்லக்கூடிய ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தது அது. சார்லி கிறிஸ்டியன் கிட்டாரில் நீண்ட வரிகளாக வாசிக்க, பின்னால் கென்னி கிளார்க் டிரம்ஸில் இடம் மாற்றி மாற்றி அடிப்பதைக் கேட்கலாம். ஸ்விங்குக்கும் பீபாபுக்கும் நடுவில் தொலைந்த பாலத்தின் ஒரு தூண் என்றே அதைச் சொல்வேன்.

பாணி மாறியதற்கு ஒரு காரணம் வரி. நடனமும் பாட்டும் உள்ள விடுதிகளுக்கு 1944-இல் முதலில் 30 சதவீதம், சில மாதங்களில் 20 சதவீதம் என்று மத்திய வரி போட்டார்கள். வாத்திய இசை மட்டும் என்றால் அந்த வரி இல்லை. பெரிய குழுவையும் நடனத் தளத்தையும் வைத்துக் கட்டுப்படியாகாத இடங்கள் நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு மாறின. உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு நடனத்துக்கான டெம்போ தேவையில்லை. வேகம் கூடவும் சுதந்திரம் கூடவும் இது வழிவிட்டது.

கேள்வி: பழைய பாட்டின் கார்டுகளை (மெட்டுக்குப் பின்னால் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை) எடுத்துக்கொண்டு புது மெட்டு போடுவது திருட்டு இல்லையா?

சட்டப்படி இல்லை. காப்புரிமை மெட்டுக்கும் வரிகளுக்கும் உண்டு, கார்ட் வரிசைக்கு இல்லை. புது மெட்டு எழுதிவிட்டால் ராயல்டி பழைய பாட்டின் உரிமையாளருக்குப் போகாது. 1945 நவம்பர் 26 அன்று சவாய் கம்பெனிக்காகப் பதிவான பார்க்கரின் ‘கோ-கோ’ இதற்கு நல்ல உதாரணம். கார்டுகள் ‘செரோக்கி’ பாட்டினுடையவை. முதல் டேக்கில் (முதல் பதிவு முயற்சியில்) வாத்தியங்கள் அந்தப் பழைய மெட்டுக்குள் நுழைந்த உடனே நிறுத்தப்படுவதைப் பதிவிலேயே கேட்கலாம். வெளிவந்த டேக்கில் அந்த மெட்டே வராது. முகப்பு முடிந்ததும் பார்க்கர் நேரே சோலோவுக்குப் போய்விடுகிறார்.

ஆனால் பணத்துக்காக மட்டும் செய்ததாக நினைக்க வேண்டாம். ஒத்திகையில்லாமல் கூடி வாசிக்கும் ஜாம் செஷனில் எல்லோருக்கும் தெரிந்த கார்ட் வரிசை வேண்டும். ‘ஐ காட் ரிதம்’ என்ற பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். அதன் மூலத்தில் 34 பார் (நான்கு பீட் கொண்ட தாளப் பகுதி). கடைசி 2 பாரை வெட்டி 32 ஆக்கிக்கொண்டார்கள். நடுப்பகுதி டி7, ஜி7, சி7, எஃப்7, ஒவ்வொன்றும் 2 பார். ஏதாவது ஒரு பீபாப் உருப்படியின் நடுவில் இந்த நான்கும் வரிசையாக, அவசரமில்லாமல் வந்தால் அது ரிதம் சேஞ்சஸ்தான் (‘ஐ காட் ரிதம்’ கார்ட் வரிசை) என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேள்வி: கிட்டார் வாசிக்கிறேன். பீபாப் ஸ்கேல் எல்லாக் கட்டையிலும் மனப்பாடம். ஆனாலும் சோலோ பயிற்சிப் பாடம் மாதிரியே கேட்கிறது. என்ன குறை?

ஸ்கேலில் எட்டாவது சுரம் ஏன் சேர்க்கப்பட்டது என்பதைக் கையால் உணராததுதான் குறை. ஜி7 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட் சுரங்கள் ஜி, பி, டி, எஃப். சாதாரண ஏழு சுர ஸ்கேலில் மேல் ஜி-யிலிருந்து, பீட்டுக்கு இரண்டு சுரமாக இறங்குங்கள்: ஜி எஃப், இ டி, சி பி, ஏ ஜி. நான்கு பீட்டில் விழுந்தவை ஜி, இ, சி, ஏ. கேட்பவர் காதுக்கு அது ஏ மைனர் 7. கார்ட் ஒன்று, நீங்கள் சொல்வது வேறொன்று.

இப்போது ஜி-க்கும் எஃப்-க்கும் நடுவில் எஃப் ஷார்ப்பைச் செருகுங்கள்: ஜி எஃப்♯, எஃப் இ, டி சி, பி ஏ. பீட்டில் விழுபவை ஜி, எஃப், டி, பி. முழு ஜி7. அடுத்த பாரின் முதல் பீட்டில் மறுபடி ஜி. பின்னணியே இல்லாமல் வாசித்தாலும் கார்ட் கேட்கும். எட்டு சுரம் எதற்கு என்றால் இதற்குத்தான்.

இது பலிக்க ஒரு நிபந்தனை: கார்ட் சுரத்தில், பீட்டின் மேல் தொடங்க வேண்டும். அரை பீட் தள்ளித் தொடங்கினால் எல்லாம் தலைகீழாகி, ஒவ்வொரு பீட்டிலும் அன்னிய சுரம் விழும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். அப்படித் தொடங்க நேர்ந்தால் வழியில் ஒரு சுரத்தைத் திரும்பச் சொல்லியோ ஒன்றைத் தாண்டியோ பீட்டுக்கு வந்து சேருங்கள்.

அடுத்தது, இலக்கைச் சுற்றி வளைப்பது. ஜி7-இலிருந்து சி-க்குப் போகிறீர்கள், போய்ச் சேர வேண்டிய சுரம் இ. நேரே போகாமல் 4-ஆவது பீட்டில் எஃப், அதன் பிற்பாதியில் டி ஷார்ப், அடுத்த பாரின் முதல் பீட்டில் இ. மேலே ஒன்று, கீழே ஒன்று, பிறகு வீடு. டி மைனர் 7, ஜி7, சி என்ற வரிசையில் சி சுரம் பி-க்கு இறங்கும், எஃப் சுரம் இ-க்கு இறங்கும். இந்த இரண்டு அரைச்சுர இறக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாசியுங்கள். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 80 பீட்டுக்கு மேல் போகவேண்டாம். இந்த வேகத்தில் கார்ட் கேட்காவிட்டால் 200-இல் நிச்சயம் கேட்காது.

கேள்வி: ஆல்ட்டோ சாக்ஸ். 160 வரை ஸ்விங் வருகிறது, 220 தாண்டினால் குதிரை ஓடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

220-லும் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பங்கு என்று சுரங்களைப் பிரிக்க முயல்கிறீர்கள். வேகம் கூடக் கூட இரண்டு சுரமும் ஏறக்குறைய சமமாகிவிட வேண்டும். அப்போது ஸ்விங் எங்கிருந்து வரும்? அழுத்தத்திலிருந்தும் நாக்கிலிருந்தும். பீட்டுக்கு நடுவில் வரும் சுரத்தை நாக்கால் தொட்டு, அடுத்த பீட்டின் சுரத்துக்கு இழைத்துக்கொண்டு போங்கள். பார்க்கரின் வரிகளில் சில சுரங்கள் பாதி விழுங்கியதுபோல ஒலிக்கும், வரியின் உச்ச சுரம் மட்டும் பளிச்சென்று தெறிக்கும். எல்லாச் சுரத்தையும் ஒரே பலத்தில் ஊதினால் குதிரைச் சத்தம்தான் வரும்.

மெட்ரோனோமை 2, 4 பீட்டுகளில் வையுங்கள். 120-இல் வாசிக்க 60-இல் தட்டட்டும். தவறில்லாமல் மூன்று முறை வந்தால் தட்டலை இரண்டு எண் கூட்டுங்கள். 240-க்கு மேல் 4-ஆவது பீட்டில் மட்டும் ஒரு தட்டு போதும். அதற்கு மேல் தட்டினால் உடம்பு இறுகி, தோள் ஏறி, மூச்சு குறையும்.

கேள்வி: டிரம்ஸில் பாஸ் டிரம்மை நான்கு பீட்டும் அடிக்கலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரி, அளவு வேறு. ஸ்விங் காலத்தில் தாளத்தைத் தாங்கியது பாஸ் டிரம். கென்னி கிளார்க் அதை ரைட் (ride) சிம்பலுக்கு மாற்றினார். வேகமான டெம்போவில் நான்கு பீட்டும் காலால் அடித்தால் தாளம் கனத்துப் பின்னால் இழுக்கும், டபுள் பாஸும் காதில் விழாது. சிம்பல் தாளத்தைப் பிடித்துக்கொண்டதும் கால் விடுதலையானது. எதிர்பாராத இடத்தில் விழும் அந்த அடிகளுக்குத்தான் ‘பாம்’ என்று பெயர் வந்தது.

ஆனால் நிறையப் பேர் காலை முழுக்க எடுத்துவிடவில்லை. பாஸ் வாசிப்பவருக்கு உடம்பில் தெரியும், கூட்டத்துக்குக் கேட்காது என்ற அளவில் இறகு தொடுவதுபோல வைத்தார்கள். முதலில் ரைட் மட்டும் 10 நிமிடம். பிறகு ஹை-ஹாட் (காலால் மூடும் இரட்டைச் சிம்பல்) 2, 4-இல். அதன் பிறகு கால். பாம் போடும்போது ரைட் ஒரு நொடி தடுமாறினால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: பியானோவில் இடது கை சத்தம் அடைக்கிறது. பட் பவல் அப்படி என்னதான் வைக்கிறார்?

பெரும்பாலும் இரண்டே சுரம். வேர்ச் சுரமும் ஏழாவதும், அல்லது வேர்ச் சுரமும் மூன்றாவதும். டி மைனர் 7-க்கு டி, சி. ஜி7-க்கு ஜி, பி. சி மேஜருக்கு சி, பி. மேல் சுரத்தை மட்டும் பாருங்கள்: சி, பி, பி. கை நகரவே இல்லை. நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி-க்கும் கீழே போய் மூன்றாம் சுரத்தை நெருக்கி வைத்தால் குழம்பும், அங்கே ஏழாவதே மேல். வலது கை மூச்சு வாங்கும் இடத்தில் இடது கை பேசட்டும், இரண்டும் ஒரே நேரத்தில் பேச வேண்டாம்.

கேள்வி: ஃபிளாட் ஃபைவ் மாற்று கார்ட், ஒரே வரியில்?

ஜி7-இன் உயிர் பி, எஃப் இரண்டும்தான். அதே இரண்டும் டி ஃபிளாட் 7-இலும் இருக்கின்றன, அதனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும், பாஸ் டி, டி ஃபிளாட், சி என்று வழுக்கி இறங்கும். மெட்டில் அந்த இடத்தில் டி நீண்டு நின்றால் மட்டும் உரசும், அங்கே போடாதீர்கள்.

கேள்வி: கர்நாடக வயலின் கற்றவள். டோரியன் ஸ்கேல் என்றால் கரகரப்ரியாதானே? அப்படியானால் மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’ எனக்கு எளிதாக வர வேண்டும், வரவில்லை.

சுரத்தானம் ஒன்றுதான். சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம், எல்லாம் பொருந்தும். ஆனால் கரகரப்ரியாவில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைக்காமல் ராகம் நிற்காது. இங்கே அந்த அசைவைக் கொண்டுவந்தால் பியானோவின் அசையாத சுரத்தோடு மோதும். நேராகப் பிடித்த சுரத்துக்கு உயிர் கொடுப்பது வில்லின் அழுத்தமும் தாளத்தில் அது விழும் இடமும்.

இரண்டாவது, கணக்கு. இது மோடல் ஜாஸ், கார்டுகள் மாறிக்கொண்டே இராமல் ஒரே ஸ்கேலில் நீண்ட நேரம் நிற்கும். டி டோரியன் 16 பார், இ ஃபிளாட் டோரியன் 8, மறுபடி டி 8. கடைசி 8-உம் அடுத்த சுற்றின் முதல் 16-உம் சேர்ந்து ஒரே சுருதியில் 24 பார் தொடர்ச்சியாக ஓடும். இங்கேதான் எல்லோரும் தொலைகிறார்கள். உங்களுக்கு ஆவர்த்தனம் எண்ணும் பழக்கம் இருக்கிறது, 8 பாரை ஓர் ஆவர்த்தனமாக விரலில் வையுங்கள். ஆதார சுருதியை உடனே அரைச்சுரம் ஏற்றுவதுதான் கர்நாடக சங்கீதக்காரருக்குப் புதிது, அதைத் தனியாகப் பழக வேண்டும்.

மூன்றாவது காரணம் உங்கள் தவறே இல்லை. 1959 மார்ச் 2 அன்று பதிவான அமர்வில் டேப் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் ‘சோ வாட்’ இடம்பெற்ற ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் பழைய எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு) முதல் பக்கத்தில் கால் சுரம் அளவுக்கு ஏறி ஒலிக்கும். 1990-களின் மறுவெளியீடுகளில்தான் திருத்தினார்கள். பழைய தட்டின் பிரதியோடு வயலினை வாசித்தால் எந்தச் சுருதியிலும் ஒட்டாது.

கேள்வி: கூல், ஹார்ட் பாப், மோடல்... எது எதற்கு எதிர்வினை?

பாடப்புத்தகம் சொல்கிற அளவுக்கு எதிர்வினை இல்லை, ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். பார்க்கரோடு நின்ற மைல்ஸ் டேவிஸே 1949, 1950-இல் ஒன்பது பேர் குழுவில் பிரெஞ்ச் ஹார்ன், டூபா சேர்த்து மெல்லிய நிறத்துக்குப் போனார், அதுதான் கூல். ‘கோ-கோ’வில் டிரம்ஸ் வாசித்த மேக்ஸ் ரோச் அந்த அமர்வுகளிலும் இருந்தார். 1950-களின் நடுவில் ஆர்ட் பிளேக்கியும் ஹோரஸ் சில்வரும் பீபாப் மொழியை விடாமல் தேவாலயப் பாட்டின், புளூஸின் கனத்தைச் சேர்த்தார்கள், அதுதான் ஹார்ட் பாப். 10 அங்குல 78 தட்டில் ஏறக்குறைய 3 நிமிடம்தான். எல்.பி. 1948-இல் வந்த பிறகு நீண்ட சோலோ பதிவுக்குள் வர இடம் கிடைத்தது. பாணி மாறியதில் இந்தத் தட்டின் பங்கை நாம் குறைவாகப் பேசுகிறோம்.

கேள்வி: ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ இப்போதே தொடங்கலாமா? இரண்டு வருடமாக வாசிக்கிறேன்.

முதலில் ‘செரோக்கி’யின் நடுப்பகுதி. மூலம் பி ஃபிளாட்டில், நடுப்பகுதி பி, ஏ, ஜி என்று நான்கு பாருக்கு ஒருமுறை முழுச்சுரம் இறங்கும். அது கைக்கு வந்த பிறகு கோல்ட்ரேனிடம் போங்கள். 16 பாரில் 26 கார்ட், மையங்கள் பி, ஜி, இ ஃபிளாட். பதிவின் வேகம் 290-ஐ ஒட்டியது. இரண்டு பீட் நிற்கும் கார்டுக்கு அரை நொடிகூடக் கிடைக்காது. அங்கே யோசிக்க முடியாது. கோல்ட்ரேனே 1-2-3-5 என்ற சிறு கட்டமைப்பை நிறைய நம்பினார்: டி7 என்றால் டி, இ, எஃப் ஷார்ப், ஏ. இதை எல்லாக் கார்டுக்கும் 100-இல் பிசகாமல் ஓட்டிவிட்டு, பிறகு அந்தப் படிவத்தை உடைக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: சோலோவை அச்சான நோட்டேஷன் பார்த்துக் கற்பது தவறா?

சரிபார்க்க நல்லது, கற்க அல்ல. நாக்கு எங்கே தொட்டது, எந்தச் சுரம் விழுங்கப்பட்டது என்பது தாளில் இல்லை. 8 பார் மட்டும் எடுங்கள். பாதி வேகத்தில் 20 முறை கேளுங்கள், வாத்தியத்தைத் தொடாமல் வாயால் பாடுங்கள். பாட வந்த பிறகு தேடி வாசியுங்கள், கடைசியில் தாளோடு ஒப்பிடுங்கள். தொடங்கும் முன் பதிவின் சுருதியைச் சரிபாருங்கள். 78 தட்டிலிருந்து மாற்றியவை பல சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும், மென்பொருளில் சில சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) திருத்திவிட்டு உட்கார்ந்தால் பாதி எரிச்சல் போய்விடும்.