முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு சில்லுக்கு எந்த நீ கேப் வாங்குவது?

ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது, நடக்கும்போது முட்டிச் சில்லு நழுவுகிற மாதிரி பயமாக இருக்கிறது, மெடிக்கலில் நாலு விதமான நீ கேப் எடுத்துப் போட்டார்கள், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தொழில் செய்கிறேன். உங்களைப் போலவே ஏழாவது வாரத்தில் கடை வாசலில் குழம்பி நின்றவள் என்பதால் எழுதுகிறேன்.

2021 டிசம்பரில் மொட்டை மாடி ஈரத்தில் கால் திரும்பி, என் வலது சில்லு வெளிப்பக்கமாக விலகிவிட்டது. அதற்கு முன்பும் இரண்டு முறை விலகித் தானாகவே உள்ளே வந்திருந்தது. இந்த முறை ஸ்கேன் எடுத்தபோது, சில்லை உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிற தசைநார் அறுந்திருந்தது தெரிந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு சேர்க்கும் நாண்) எடுத்து, அந்த இடத்தில் புதுசாகக் கட்டினார்கள். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எம்.பி.எஃப்.எல். ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்று இருந்தது.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து என்ன ஆபரேஷன் என்று பார்ப்பதுதான். கேள்வியில் 'முட்டி ஆபரேஷன்' என்று மட்டும் இருக்கிறது. சில்லு உடைந்து கம்பி கட்டியவருக்கும், முட்டிக்குள் இருக்கிற ஏ.சி.எல். தசைநார் கட்டியவருக்கும், முழு மூட்டு மாற்றியவருக்கும் ஒரே நீ கேப் ஆகாது. எலும்பு உடைந்து கட்டியவர்கள், டாக்டர் கழற்றச் சொல்லும் வரை தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை வரும் நீளமான பிரேஸைத்தான் போட வேண்டும். அதைக் கழற்றி வைத்துவிட்டு நாமாக ஒரு எலாஸ்டிக் நீ கேப்புக்கு மாறக் கூடாது. மூட்டு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் எதுவுமே தேவைப்படுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு அம்மா நான் போட்டிருப்பதைப் பார்த்து அதே மாதிரி வாங்கிவிட்டார். அவருடைய டாக்டர் பார்த்ததும், 'இது உங்களுக்கு வேண்டாம், நடங்க போதும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு முதல் ஆறு வாரம் பக்கவாட்டில் டயல் வைத்த நீளமான பிரேஸ். கால் எத்தனை டிகிரி மடங்கலாம் என்று டாக்டர் அந்த டயலில் வைத்துக் கொடுப்பார். அது கழன்ற அன்று கால் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. பயத்தில் அன்று மாலையே மெடிக்கலுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் காலைப் பார்த்துவிட்டு, 'உங்களுக்கு மீடியம் சரியா இருக்குங்க' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முட்டியை முழுக்க மூடுகிற, குழாய் மாதிரியான சாதாரண நீ கேப். அளந்து பார்க்கவில்லை. தினமும் நாலு பேருக்கு அளவெடுக்கிற நானும் அளக்கச் சொல்லவில்லை.

அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பெருந்துறை போய் வந்தேன். திரும்பும்போது பாதத்தின் மேல்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து கழற்றினால், முட்டிக்குக் கீழே வெளிப்பக்கத்தில், ஒரு சின்ன எலும்பு புடைத்திருக்குமே, அதன் மேல் எலாஸ்டிக் ஓரம் கயிறு கட்டியது போலப் பதிந்திருந்தது. முக்கால் மணி நேரமாகியும் அந்தத் தடம் போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் பெண் அதைப் பார்த்ததும், 'அக்கா, இதை யாரு எடுத்துக் கொடுத்தது?' என்றார். பாதத்தைத் தூக்க வைக்கும் நரம்பு அந்த எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகில் போகிறதாம். அங்கே விடாமல் அமுக்கினால் பாதத்தைத் தூக்க முடியாமலே போகலாம் என்றார். எந்த நீ கேப் வாங்கினாலும் அந்த இடத்தில் பட்டையோ ஓரமோ இறுக்குகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

அவர்தான் எனக்குச் சில்லின் கதையை விளக்கினார். தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. கால் மடங்கும்போது சில்லு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுகிறது. நன்றாக மடங்கிவிட்டால் பள்ளத்தின் சுவரே சில்லைப் பிடித்துக்கொள்ளும். கால் நேராக இருக்கும்போதும், முதல் 20, 30 டிகிரி மடங்கும்போதும் சில்லு பள்ளத்தில் சரியாக இறங்கியிருக்காது. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு உள்பக்கத் தசைநாரும் தொடைத் தசையும்தான் காவல். நின்றபடி சட்டென்று திரும்பும்போதும், படியில் காலை வைக்கும்போதும் சில்லு போகிற மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

அதனால் சில்லு வெளியே நழுவுகிற பிரச்சினைக்கு ஆபரேஷன் செய்தவர்கள், சில்லு இருக்கும் இடத்தில் வட்டமாகத் திறந்திருக்கிற நீ கேப்பைப் பாருங்கள். கடையில் 'ஓப்பன் பட்டெல்லா' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அந்த வட்டத்தைச் சுற்றி ஒரு மெத்தை இருக்க வேண்டும். சிலதில் அது முழு வளையம், சிலதில் குதிரை லாடம் போலப் பாதி வளையம். பாதி வளையமாக இருந்தால், மெத்தை சில்லின் வெளிப்பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே தள்ள வேண்டும். இப்படிப்பட்டதில் இடது கால், வலது கால் வித்தியாசம் உண்டு. மாற்றிப் போட்டால் அது சில்லைத் தவறான பக்கம் தள்ளும். பெட்டியில் பார்த்தே வாங்குங்கள்.

முழுக்க மூடிய சாதாரண நீ கேப் கதகதப்புக்கும் லேசான வீக்கத்துக்கும் ஆகும். ஆனால் அது சில்லை நேராகப் பின்னால் அமுக்கும். சில்லுக்கு அடியில் வலி இருப்பவர்களுக்கு உட்கார்ந்து எழும்போது வலி கூடலாம். எனக்குக் கூடியது. பக்கத்தில் உலோகக் கீல் வைத்தது, பக்கவாட்டுத் தசைநார் பாதிக்கப்பட்டவர்களுக்கு. கீல் சில்லின் நடு உயரத்துக்கு நேராக வராவிட்டால் மடக்கும்போதெல்லாம் பிரேஸ் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சில்லுக்குக் கீழே கட்டுகிற ஒற்றைப் பட்டையை ஆபரேஷன் ஆன முட்டிக்கு நீங்களாக வாங்க வேண்டாம். அது அந்த இடத்துத் தசைநாண் வலிக்கானது. அங்கேயே வெட்டுத் தழும்பு இருந்தால் உரசி உரசிப் புண்ணாகும்.

அளவு விஷயத்தைத் தையல்காரியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் அளக்கச் சொல்கிறது. ஒருவர் முட்டி நடுவில் என்பார், இன்னொருவர் முட்டிக்கு மேலே இத்தனை இஞ்ச் என்பார். அதனால் ஒரு கம்பெனி மீடியம் இன்னொன்றில் லார்ஜ் ஆகிவிடும். பெட்டியில் படம் எங்கே காட்டுகிறதோ அங்கே, டேப் தோலைத் தொடும் அளவுக்கு மட்டும் வைத்து, அமுக்காமல் அளக்க வேண்டும். சாயங்காலம் அளந்தால் நல்லது. நாளெல்லாம் நடந்த வீக்கம் அப்போதுதான் தெரியும். ஆபரேஷன் ஆன காலையே அளக்க வேண்டும், நல்ல காலை அளந்து கணக்குப் போடக் கூடாது. என் வலது தொடை இடதைவிட ஒன்றேகால் இஞ்ச் சுருங்கியிருந்தது. படுத்தே கிடந்தால் தொடைத் தசை அவ்வளவு வேகமாக வற்றிவிடுகிறது. தசை திரும்பி வரும்போது அளவும் மாறும் என்பதால், மேலும் கீழும் வெல்க்ரோ பட்டை வைத்ததாக வாங்கினேன். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்துப் பட்டையால் சரிசெய்யுங்கள்.

வாங்குமுன் உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். முட்டிக்குப் பின்னால் மடிப்பு விழும் இடத்தில் தடித்த தையல் வந்தால் ஒரே வாரத்தில் தோல் சிவந்துவிடும். அங்கே மெல்லிய துணியோ வலையோ இருப்பது நல்லது. நியோப்ரீன் என்கிற ரப்பர் துணி பிடிப்பாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஏப்ரல் வெயிலில் வேர்த்து ஊற்றும். நான் தினமும் கையால் அலசி நிழலில் போட்டேன். வெல்க்ரோவை ஒட்டிவிட்டு அலசினால் நூல் பிசிறு சேராது. ஆபரேஷன் புண் முழுக்க ஆறி, பக்கு உதிர்ந்த பிறகே தழும்பு மேல் எதையும் போட வேண்டும்.

போட்டதும் ஓரத்துக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அரை மணி நேரம் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, நாலு படி ஏறி இறங்கிவிட்டுக் கழற்றுங்கள். துணியின் லேசான பதிவு கொஞ்ச நேரத்தில் மறைந்தால் சரி. பள்ளமான தடமோ, கால் விரல் நுனியில் நிறமாற்றமோ, மரத்துப்போவதோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். போட்ட பிறகு திருப்ப மாட்டோம் என்கிற கடைகள் நிறைய. பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக வலித்தால் அதை நீ கேப் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கூடவே மூச்சு வாங்கினால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

நல்ல நீ கேப் கூட சில்லை மெல்லத்தான் தள்ளும். அறுந்த தசைநாரின் வேலையை அது செய்யாது. எனக்கு அந்த நழுவுகிற உணர்வு போனது, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைத் தரையோடு அமுக்கிப் பத்து எண்ணுகிற பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான். அமுக்கும்போது சில்லுக்கு மேலே உள்பக்கம் கண்ணீர்த் துளி வடிவில் ஒரு தசை திரளும். முதல் வாரம் என் விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. பிசியோ பெண் என் கையை அந்த இடத்தில் வைத்து, 'இங்க கல்லு மாதிரி ஆகணும்க்கா, அதுவரைக்கும் விடாதீங்க' என்றார். நாலாவது வாரம் பட்டாணி அளவுக்கு ஏதோ திரண்டது. அன்று மிஷினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நான் வீட்டுக்குள் போடாமலும் வெளியே போட்டும் பழகினேன். தூங்கும்போது எலாஸ்டிக் நீ கேப் வேண்டாம் என்றார்கள். படி ஏறும்போது நல்ல காலை முன்னால் வைத்தேன், இறங்கும்போது ஆபரேஷன் காலை. ஐந்தாவது மாதம் டேப் வைத்து அளந்தபோது தொடை வித்தியாசம் கால் இஞ்சுக்கு வந்திருந்தது. இப்போது பஸ் கூட்டத்துக்கும் மலைப் படிக்கும் மட்டும் எடுத்துப் போடுகிறேன். போன தைப்பூசத்துக்கு சென்னிமலையில் ஏறும்போது படியில் ஏறினேன், இறங்கும்போது மட்டும் பஸ்ஸில் வந்தேன்.