மாடல் ரயில் பாதையில் ஒட்டிய ஜல்லி ஒரே சாம்பலாகத் தெரிகிறது. நிஜம் மாதிரி நிறம் வர என்ன செய்யலாம்?

நானும் இதில் மாட்டியவன்தான். சாம்பல் பிடிக்கவில்லை என்று பழுப்பு ஸ்ப்ரே பெயின்ட்டை எடுத்து மொத்தப் பாதைக்கும் அடித்துவிட்டேன். தண்டவாளம், ஸ்லீப்பர் கட்டை, கல் எல்லாம் ஒரே சாக்லேட் நிறம். ஒரு மீட்டர் நீளத்தைச் சுரண்டி எடுத்து மறுபடி போட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் நிஜப் பாதையை உட்கார்ந்து பார்த்தேன். புதிதாகக் கொட்டிய கருங்கல் ஜல்லி சாம்பல்தான். வண்டி பிரேக் பிடிக்கும்போது பிரேக் கட்டைகள் சக்கரத்தில் உரசி இரும்புத்தூள் கொட்டுகிறது. அது துருப்பிடித்துக் கல்லின் மேல் படிகிற நிறம்தான் அந்தப் பழுப்பு. ஆகவே ஸ்டேஷனுக்குள் நுழையும் இடத்தில் பழுப்பு அதிகம், வண்டி சீராக ஓடும் இடத்தில் குறைவு. இன்ஜின் நிற்கும் இடத்தில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே எண்ணெய் சொட்டிய கறுப்புப் பட்டை. ஓரத்துச் சரிவில் கல் ஏறக்குறைய பழைய சாம்பலாகவே இருக்கும். உங்கள் பாதையில் எந்த வண்டி எங்கே நிற்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நிறம் தானாக முடிவாகிவிடும்.

ஒட்டியதைப் பிடுங்க வேண்டாம். பசை நன்றாகக் காய்ந்த பிறகு, பழுப்பு அக்ரிலிக் பெயின்ட்டில் கொஞ்சம் சாம்பல் கலந்து, ஒரு பங்குக்கு எட்டுப் பத்துப் பங்கு தண்ணீர் விடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் கல் இடுக்கில் இறங்கும். தண்டவாளத்தை ஒட்டித் தொடங்கி வெளிப்பக்கம் போகப்போக மங்கவிடுங்கள். ஒரே தடவையில் நிறம் வர வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஈரத்தில் எல்லாமே கருமையாகத் தெரியும், காய்ந்த பிறகு பார்த்துத்தான் அடுத்த பூச்சு. எண்ணெய்க் கறைக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், ஓட்டை விழுந்தது போல இருக்கும். அடர்பழுப்பில் கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் போதும். கடைசியில், ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர்சாம்பல் தொட்டுக் கல்லின் தலையில் மட்டும் லேசாகத் தடவுங்கள். என் பாதையில் கல் கல்லாகத் தெரிய ஆரம்பித்தது அந்தக் கட்டத்தில்தான்.

தண்டவாளத்தின் மேல்பரப்பை மட்டும் பெயின்ட் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். விட்டால் சக்கரத்துக்குக் கரன்ட் வராது, இன்ஜின் விக்கி விக்கி ஓடும். தடம் பிரியும் பாயின்ட்டில் பசையும் பெயின்ட்டும் போனால், அங்கே அசைகிற நாக்குத் தண்டவாளம் ஒட்டிக்கொள்ளும். அங்கே சின்ன பிரஷ்தான், நடுநடுவே அசைத்துப் பாருங்கள்.

நிறத்தைக் கலப்பது எங்கே என்பதும் முக்கியம். நான் ஜன்னல் வெளிச்சத்தில் கலந்தது, பாதைக்கு மேல் இருந்த மஞ்சள் பல்பில் செங்கல் மாதிரி தெரிந்தது. இப்போது அந்த விளக்குக்குக் கீழேயே கலக்கிறேன்.

ஒன்று கேட்க மறந்தேன், கல்லின் அளவு என்ன? நிஜத்தில் 50 மில்லிமீட்டர் இருக்கும் ஜல்லி, 87 மடங்கு சிறிதாக்கிய 1:87 அளவு மாடலில் 0.6 மில்லிமீட்டர்கூட வராது, 1:160 என்றால் 0.3 சொச்சம். நீங்கள் போட்டது மிளகு பருமன் என்றால் எந்த நிறமும் காப்பாற்றாது. அப்படியானால் மட்டும் பிடுங்குங்கள்.