காசைச் சுற்றும் காசு: கேள்வி பதில்

தொண்டி, பிளஸ் டூ மாணவி: சார், ஒரு ரூபாய்க் காசை மேசையில் வைத்து, அதைச் சுற்றி இன்னொரு ஒரு ரூபாயை வழுக்காமல் உருட்டினேன். சுற்றளவு ஒன்றுதானே, ஒரு தரம்தானே சுழல வேண்டும்? இரண்டு தரம் சுழல்கிறதே!

பதில்: சரியாகத்தான் எண்ணியிருக்கிறாயம்மா. உருளும் காசின் விளிம்பை விட்டுவிட்டு மையத்தைப் பார். அது போகும் வட்டத்தின் ஆரம், காசின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு. வழுக்காமல் உருளும் சக்கரத்தின் மையம் எவ்வளவு தூரம் போனதோ, அதைச் சக்கரத்தின் சுற்றளவால் வகுத்தால் சுற்று எண்ணிக்கை. அதனால்தான் 2. சிங்கத் தலை நிமிர்ந்திருக்கும்படி மேல் பக்கம் வைத்து உருட்டிப் பார். கீழ் பக்கம் வந்ததுமே, அதாவது பாதி வழியிலேயே, சிங்கம் மறுபடி நிமிர்ந்து நிற்கும். இரண்டு காசும் ஒரே அளவா என்று மட்டும் பார்த்துக்கொள், பழைய ரூபாய் பெரியது.

கீழக்கரை, கணக்கு ஆசிரியர்: ஐயா, நடு வட்டம் மூன்று மடங்கு பெரியது என்றால் 3 சுற்றா?

பதில்: 4. வெளியே உருண்டால் ஆர விகிதத்தோடு 1 கூட்டுங்கள். உள்ளே உருண்டால் 1 கழியுங்கள். உங்கள் கேள்வியே 1982இல் அமெரிக்காவின் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் வந்தது. கொடுத்த ஐந்து விடைகளில் 4 இல்லவே இல்லை! மாணவர்கள் மூன்று பேர் தவறைச் சுட்டி எழுதிப்போட்ட பிறகு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார்கள்.

ஏர்வாடி வாசகர்: உருளும் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால் என்ன படம் வரும்?

பதில்: சம அளவு வட்டம் வெளியே உருண்டால் இதய வடிவம். அதன் நீளம் வட்டத்தின் விட்டத்தைப் போல 8 மடங்கு. வட்டம் உருண்டு போட்ட கோட்டின் நீளத்தில் பை (π) எங்குமே இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. கால் பங்கு ஆரமுள்ளது உள்ளே உருண்டால் நாலு முனை நட்சத்திரம். பாதி ஆரம் என்றால்? வளைவே கிடையாது, பெரிய வட்டத்தின் விட்டத்திலேயே புள்ளி போய்ப் போய் வரும். 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வானியலாளர் நசீருத்தீன் தூசி கோள்களின் கணக்குக்கு இதைப் பயன்படுத்தினார்.

பாம்பன் வாசகர்: எங்கள் பழைய ரயில் பாலத்தின் தூக்கும் பகுதியும் இப்படித்தானே உருண்டது?

பதில்: உருண்டதுதான், ஆனால் தட்டையான தடத்தின் மேல். 1914இல் திறந்த அந்தப் பாலத்தின் இரண்டு கைகளுக்கும் அடியில் வளைந்த பாதம் இருந்தது. கை மேலே எழும்போதே பின்னாலும் நகர்ந்தது. தளம் வளையாததால் கூடுதல் சுற்று கிடையாது: முழுச் சுற்றில் கால் பங்கு திரும்பினால், மையம் சுற்றளவில் கால் பங்கு தூரம் போகும், அவ்வளவுதான். 2025இல் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக ஏறுகிறது. அங்கே நம் கணக்குக்கு வேலையில்லை.