வெள்ளை பெயிண்டை மீறி வரும் மஞ்சள் கறை: என்ன செய்வது?

மர அலமாரிக்கு வெள்ளை பெயிண்ட் மூன்று கோட் அடித்தும் மஞ்சள் திட்டுகள் மேலே வந்துகொண்டே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நான்காவது கோட் அடிக்காதீர்கள், அதையும் மீறிக் கறை வரும்.

மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. தேநீர்க் கோப்பையில் பழுப்புக் கறை படிகிறதே, அதே இனம்தான். அது தண்ணீரில் கரையும். தண்ணீர் சார்ந்த பெயிண்ட் அடித்ததும் ஈரம் அதை மேலே இழுத்து வருகிறது. ஈரம் காய்ந்துவிடும், கறை தங்கிவிடும். ஓக், மகோகனி மரங்களில் இந்தத் தொல்லை அதிகம். வட்ட வட்டமாக வந்தால் அது கணுவிலிருந்து கசியும் பிசின். பழைய சாயமும் இப்படி ஊறி வரும்.

இதற்குச் சரியான மருந்து ஷெல்லாக் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும், அரக்கால் ஆன அடிப்பூச்சு. ஸ்பிரிட்டில் கரைந்திருப்பதால் டானினைக் கிளறாது, பிசினையும் அடைத்துவிடும். சாதாரண வாட்டர் பிரைமரை நம்பாதீர்கள்.

பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. பளபளப்பு போகும் அளவுக்கு 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு பிரைமர் அடியுங்கள். கறை உள்ள இடத்தில் மட்டும் அடித்தால் பக்கத்தில் புதிதாகக் கிளம்பும், முழுப் பலகைக்கும் அடிப்பதே நல்லது. கணுக்களுக்கு இரண்டு கோட். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அப்புறம் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். மஞ்சள் எட்டிப் பார்த்தால் இன்னொரு கோட் பிரைமர். இல்லையென்றால் வெள்ளை அடிக்கலாம்.