ஒரு சொல்லைத் திருத்தினால் ஆவணம் ஏன் சிதைகிறது?

கேள்வி: ஓடிஎஃப் (லிபர்ஆஃபிஸ் போன்ற செயலிகள் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம்) ஆவணங்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் கட்டற்ற நிரலகம் ஒன்றைப் பைத்தானில் உருவாக்கி வருகிறேன். உரை சரியாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு சொல்லைத் திருத்திச் சேமித்தாலே, பக்கக் குறிப்புகளும் சில வடிவமைப்புகளும் காணாமல் போகின்றன. எதை மாற்ற வேண்டும்?

பதில்: நிரலகத்தின் அடிப்படை அமைப்பையே மாற்ற வேண்டும். ஆவணத்தை உங்கள் சொந்தப் பொருள்களாக மாற்றிக்கொண்டு, சேமிக்கும்போது அவற்றிலிருந்தே கோப்பைப் புதிதாக எழுதுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் நீங்கள் இன்னும் நிரல் எழுதாத ஒவ்வொரு உறுப்பும் உதிர்ந்துபோகும். 2005-இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு ஏற்று, 2006-இல் ஐஎஸ்ஓ 26300 என்ற பன்னாட்டுத் தரநிலையாகி, அதன் பிறகும் 1.2, 1.3 என வளர்ந்துவந்த ஒரு வடிவத்தை முழுவதும் நிரலாக்கிய பிறகுதான் வெளியிடுவேன் என்று யாரும் காத்திருக்க முடியாது. ஆவணத்தின் உள்ளடக்கம் எழுதப்பட்டிருக்கும் எக்ஸ்எம்எல் குறிமொழியின் உறுப்பு மரத்தை அப்படியே நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பத்தி, அட்டவணை போன்ற உங்கள் பொருள்களை அந்த மரத்தின் கிளைகளைச் சுட்டும் மெல்லிய உறைகளாக மட்டும் அமையுங்கள். தனக்குப் புரியாததைத் தொடாமல் திருப்பித் தருவதே இத்தகைய நிரலகத்தின் முதல் கடமை என்பது என் உறுதியான கருத்து.

பைத்தானுடன் வரும் எக்ஸ்எம்எல் கருவியான எலிமென்ட்ட்ரீ இதற்குப் போதாது. அது பெயர்வெளி முன்னொட்டுகளை (ஒரு பெயர் எந்தச் சொல்தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் முன்சேர்க்கைகளை) மாற்றிவிடும். உறுப்பின் பெயரிலோ பண்பின் பெயரிலோ பயன்படாத முன்னொட்டின் அறிவிப்பை எழுதாமலே விட்டுவிடும். விரிதாளில் ஒரு கலத்தின் சூத்திரம் ‘ஓஎஃப்:’ என்ற முன்னொட்டுடன் பண்பின் மதிப்புக்குள் இருப்பதால், அறிவிப்பு உதிர்ந்ததும் அந்தச் சூத்திரம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று அறிய வழியில்லாமல் போகிறது. எல்எக்ஸ்எம்எல் என்ற வேறொரு பைத்தான் நிரலகம் இந்த அறிவிப்புகளைக் காப்பாற்றுவதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்தது பொதி. ஓடிஎஃப் கோப்பு ஒரு ஜிப் பொதி. அதில் ‘மைம்டைப்’ (mimetype) என்ற கோப்பு முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். ஜிப் தலைப்புக்கு 30 பைட்டுகளும் அந்தப் பெயருக்கு 8 பைட்டுகளும் போக, 38 பைட்டுகளைக் கடந்ததும் ஆவண வகை வெறும் எழுத்துகளாகத் தொடங்கும். கோப்பு வகையை அறியும் கருவிகள் அந்த இடத்தைப் பார்க்கின்றன. நீங்கள் மாற்றாத உள்கோப்புகளின் உள்ளடக்கத்தைப் பாகுபடுத்தாமல் அப்படியே நகலெடுங்கள். புதிய படம் சேர்த்தால் பொதியின் உள்கோப்புகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பிலும் பதிய வேண்டும்.

வடிவமைப்பில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தடித்த எழுத்துக்கான வழக்கமான பண்பு இலத்தீன் போன்ற எழுத்துகளுக்கு மட்டுமே பொருந்தும்; தமிழ், தேவநாகரி, அரபு ஆகியவற்றுக்கு ‘காம்ப்ளெக்ஸ்’ என முடியும் தனிப் பண்புகள் உள்ளன. இரண்டையும் எழுதாவிட்டால் ஒரே வரியில் ஆங்கிலச் சொல் தடித்தும் தமிழ்ச் சொல் மெலிந்தும் தோன்றும். மேலும், செயலி தானே உருவாக்கும் வடிவமைப்புத் தொகுப்பான தானியங்கிப் பாணி ஒன்றையே பல பத்திகள் பகிர்வதால், அதை நேரடியாகத் திருத்தாமல், நகல் எடுத்துப் புதுப் பெயரிட்டு, வேண்டிய பத்திக்கு மட்டும் கொடுங்கள்.

விரிதாளில் வெற்று வரிசைகள் ‘இத்தனை முறை திரும்ப வருகிறது’ என்ற எண்ணோடு ஒரே உறுப்பாக இருக்கும். அந்த எண் பத்து லட்சத்தைத் தாண்டலாம் என்பதால், அவற்றை விரித்தால் நினைவகம் தீர்ந்துவிடும்.

முதல் சோதனையாக, பல செயலிகளில் உருவான ஆவணங்களை எதையும் மாற்றாமல் திறந்து சேமித்து, உள்கோப்புகள் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு ஓடிஎஃப் டூல்கிட் என்ற கருவித்தொகுப்பின் சரிபார்ப்பியில் இடுங்கள். பக்கக் குறிப்புகள் இந்தச் சோதனையில் உதிராமல் தப்பிவிட்டால், அவற்றைத் திருத்தும் வசதியை அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்.