கோடை அறிவியல் முகாம் இலவசம்தான், ஆனாலும் அரசுப் பள்ளி மாணவர்கள் ஏன் வருவதில்லை?

முகாம் நடத்தும் சென்னைக் கல்லூரிகள் பலவும் கேட்கும் கேள்வி இது. கட்டணம் பெரும்பாலும் கடைசித் தடைதான். முதல் தடை விண்ணப்பம். ஆங்கிலக் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், மின்னஞ்சல் என்று கேட்டாலே பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். தமிழில் ஒரே பக்கம், பெற்றோரின் போன் நம்பர் போதும்.

மதிப்பெண்ணை மட்டும் வடிகட்டியாக வைக்காதீர்கள். மத்திய அரசின் இன்ஸ்பயர் முகாம் பத்தாம் வகுப்பில் முதல் 1 சதவீதத்தினருக்கானது. அதையே நீங்களும் செய்தால் அதே பிள்ளைகள்தான் வருவார்கள். இஸ்ரோ பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் யுவிகா முகாமோ, ஆள் எடுக்கும்போது கிராமப்புற மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறது. ஆசிரியரிடம் பெயர் கேட்டால் முதல் ரேங்க் பிள்ளைதான் வரும். பதிலாக, "தம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் உயருமா? ஏன்?" என்று கேளுங்கள். விடை தவறானாலும் காரணம் சொல்லும் விதத்தில் ஆள் தெரிந்துவிடும்.

அடுத்தது பயணம். மாணவர் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டும்தான். சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாணவிகளுக்கு டிக்கெட் இல்லை, பையன்களுக்கு உண்டு. எண்ணூரிலிருந்து கிண்டிக்கு வருபவருக்குப் பேருந்துக் காசை அன்றன்றே கையில் கொடுங்கள். முகாம் முடிந்து ரசீது காட்டி வாங்கச் சொன்னால் மூன்றாம் நாளே நின்றுவிடுவார். வகுப்பு பத்து மணிக்குத் தொடங்கி நான்குக்குள் முடியட்டும், மதியச் சாப்பாட்டோடு.

மே மாதத்தில் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு. சிறு உதவித்தொகை இல்லாமல் அவர்களை எதிர்பார்க்க முடியாது. அறிவிப்பு பிப்ரவரியிலேயே தலைமையாசிரியரிடம் போகட்டும். தேர்வு தொடங்கிவிட்டால் அறிவிப்பை யாரும் படிக்கமாட்டார்கள்.