கேள்வி–பதில்: மே மாதமும் நம்ம ஊர்க் கடற்கரையும்

கேள்வி: மாமியாருக்கு முட்டுவலி, பிள்ளைகள் இரண்டு பேர், கையில் ஒரே ஒரு நாள். மாமியாருக்குத் திருச்செந்தூர் முருகனைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கடலில் ஆட வேண்டும். கார் கிடையாது. எப்படிப் போகலாம் அண்ணாச்சி?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ரயிலில் போங்க தங்கச்சி. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் 61 கிலோமீட்டர்தான், பாளையங்கோட்டை ஸ்டேஷனிலேயே ஏறிக்கொள்ளலாம். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வாழைத் தோட்டமும் வயலுமாக வரும், அதைப் பார்த்துக்கொண்டே போனால் பிள்ளைகள் செல்போனைக் கேட்க மாட்டார்கள். காலை முதல் வண்டியைப் பிடித்துவிடுங்கள். இறங்கியதும் கோயில் வாசல் வரைக்கும் ஆட்டோ. முதலில் தரிசனம், அப்புறம் கடல், அதிலும் பத்து மணிக்குள் கரையேறிவிட வேண்டும், ஏனென்றால் மே மாதத்து மணலில் பத்தரைக்கு மேல் செருப்பில்லாமல் ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாது, வயதானவர்களுக்கு அது பெரிய வதை. நாழிக்கிணற்றுக்குப் படி இறங்க வேண்டும். அத்தையை மேலேயே நிழலில் உட்கார வைத்துவிட்டு அந்தத் தண்ணீரை அவர்கள் தலையில் கொஞ்சம் தெளித்துவிட்டால் மனசு நிறைந்துவிடும். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் சுரப்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

மத்தியானம் எங்கேயாவது ஒரு அறை எடுத்து எல்லோரும் தூங்குங்கள். தெம்பு இருந்தால் சாயங்காலம் மணப்பாடு போங்கள், குலசேகரன்பட்டினம் தாண்டி வரும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே பாறைக் குகை. 1542-ல் இந்த முத்துக்குளித்துறைப் பக்கம் வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தக் குகையில் தங்கியிருந்தார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மேட்டின் மேல் நின்று பார்த்தால் மூன்று பக்கமும் கடல். நம்ம பக்கத்தில் இதைவிட அழகான அந்தி எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் மேடு ஏறுவது அத்தைக்கு ஆகாது, அவர்கள் கீழே உட்கார்ந்தபடியே பார்க்கட்டும். வைகாசி விசாகத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள், கூட்டத்தில் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளவே உங்கள் இரண்டு கை போதாது.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் பைக்கில் உவரி, அப்படியே கன்னியாகுமரிப் பக்கம் என்று கடற்கரை கடற்கரையாகப் போய்க் குளிக்கலாம் என்று இருக்கிறோம். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். எந்த இடம் நல்லது?
– வாசகர், வள்ளியூர்

பதில்: தம்பி, கிணற்றிலும் தாமிரபரணியிலும் படித்த நீச்சல் கடலில் செல்லாது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுமையாகப் படி.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேரை ஒரே நாளில் கடல் கொண்டுபோனது. அந்தச் சமயத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கள்ளக்கடல் என்றால் திருடனைப் போலச் சத்தமில்லாமல் வருவது. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கேயோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் புயல்காற்று கிளப்பிவிட்ட அலை, நாள் கணக்கில் ஓடி நம் கரையில் வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது மழையும் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. கோடையில்தான் இது அதிகம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, செய்தியிலும் சொல்கிறார்கள். கிளம்புகிற அன்று காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகக் கிடக்கும். குளிக்க வசதியான இடம் என்று எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வழி அது. என் பெரியப்பா மகன் பதினேழு வயதில் அப்படி ஒரு இடத்தில் இறங்கி, கண்மூடித் திறப்பதற்குள் பனை உயரத் தூரம் உள்ளே போய்விட்டான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய் இழுத்து வந்தார். அன்று கரையில் நின்று நான் கத்தியது இன்னமும் என் காதில் கேட்கிறது. இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதே, கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பு.

எந்த இடம் நல்லது என்று கேட்டாய். எந்த ஊரானாலும் முதலில் அந்த ஊர் மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இங்க இறங்கலாமா?" என்று கேள். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடு. உவரியில் அந்தோணியார் கோயிலையும் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயிலையும் சுயம்புலிங்க சுவாமியையும் பார், முழங்கால் தண்ணீரில் நில், போதும். குடித்துவிட்டு மட்டும் யாரும் இறங்கக் கூடாது, ஆறு பேரில் ஒருத்தன் குடித்திருந்தாலும் கூடாது.

கேள்வி: மே மாதம் கடற்கரைக்குப் போனால் நல்ல மீன் கிடைக்குமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகும் வள்ளமும் போகும். அதனால் மீனே இல்லை என்று ஆகாது, வரத்துக் குறைவு, விலை அதிகம். சீலா மீன்தான் வேண்டும் என்று நிற்காமல் விடியற்காலையில் கரைக்குப் போய், அன்றைக்கு வலையில் என்ன வந்ததோ, சாளையோ நெத்திலியோ, அதை வாங்குங்கள். அன்றே பிடித்த சாளையில் புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் வேறெதுவும் கேட்கத் தோன்றாது.

கேள்வி: கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலம் பார்க்க வேண்டும். கூட்டம் எப்படி?
– வாசகர், தென்காசி

பதில்: விடுமுறையில் படகு வரிசை நீளமாகத்தான் இருக்கும். 77 மீட்டர் நீளப் பாலம், விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. கடல் சீற்றமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதற்காகக் கோபப்பட வேண்டாம். காலையில் முதல் படகுக்கே நில்லுங்கள். அன்று சாயங்காலம் வட்டக்கோட்டைக்குப் போங்கள், திருவிதாங்கூர் காலத்துக் கோட்டை, மதில் மேல் நடந்தால் கீழேயே கடல், கூட்டமும் அவ்வளவு இருக்காது.

கேள்வி: திருச்செந்தூர் பக்கம் போனால் என்ன வாங்கி வரலாம்?
– வாசகி, களக்காடு

பதில்: உடன்குடி கருப்பட்டி. மணப்பாட்டில் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள், பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் கொண்டுவர முடியாதது ஒன்று உண்டு, பதநீர். காலையில் இறக்கியதும் ஓலைப்பட்டையில் ஊற்றி, நுங்கு வெட்டிப் போட்டுத் தருவார்கள். வெயில் ஏற ஏறப் புளித்துவிடும், அதனால் ஒன்பது மணிக்கு முன்னால் குடித்துவிடுங்கள்.